மூத்தம்மாட கையிலிருந்து ஊசியைப் பறிக்காதீங்க

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, எங்கட குழுவில் இருக்கிற ஒருத்தியின் வீட்டில் ஒரு தையல் மெசினைத் தூக்கிப் பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிற வீடு. மெசின் அவளுடைய மூத்தம்மாவுடையது. மூத்தம்மாவுக்கு 71 வயது, சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். இடது பாதத்தில் ஒரு கைத்தையல் ஊசி பாதி முறிந்து ஏறிக் கிடந்திருக்கிறது. இரண்டு நாளாக அதோடயே குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்திருக்கிறார். வலிக்கவில்லை. பாதத்தில் வலி சொல்கிற நரம்புகள் எப்பவோ மரத்துப் போய்விட்டன. விரிப்பில் இரத்தப் பொட்டைக் கண்டு மகள் காலைப் புரட்டிப் பார்க்கக்குள்ளதான் விசயம் வெளியே வந்தது. மருந்து கட்ட மூன்று கிழமை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓட்டோவில் அலைந்தார்கள்.

காயம் ஆறுவதற்கு முன்னமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. கட்டாரில் இருக்கிற மகன், கொழும்பில் இருக்கிற மகன், ஊரில் இருக்கிற இரண்டு மகள்மார், மருமகன்மார், எல்லாருக்கும் ஒரே குரல். இனித் தையல் இல்லை. ‘உம்மா, நீங்க பட்டது போதும். இனிச் சும்மா இரிங்க.’

இந்தச் ‘சும்மா இரிங்க’ என்ற சொல்லோடதான் எங்களுக்குச் சண்டை.

அறையைப் பூட்டினவர்கள் கெட்டவர்கள் இல்லை. சீனிக்காரர்களின் பாதத்தில் ஒரு சின்னக் காயம் எங்கே போய் முடியும் என்று எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும். விரல் எடுத்தவர்கள், கால் எடுத்தவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். பயம் நியாயமான பயம். நாங்களும் முதலில் ‘சரிதானே’ என்றுதான் சொன்னோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எங்கட பக்கத்தில் வயசாளிகளுக்கு ஒரு வருத்தம் வந்தால் நாம் முதலில் செய்கிற வைத்தியம் என்ன? கையில் இருப்பதைப் பறிக்கிறது. வலை முடிகிற வாப்பாவிடமிருந்து வலையை. பன் பாய் இழைக்கிறவரிடமிருந்து பன்னை. மருதமுனையில் தறியில் இருக்கிறவரிடமிருந்து தறியை. பறிப்பதற்குச் செலவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஒரு நாள் லீவு எடுக்கத் தேவையில்லை. பாசம் என்றும் பெயர் கிடைக்கும்.

மூத்தம்மா தைப்பது என்ன என்று சொல்ல வேண்டும். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த விரிப்பு. மேலே தையல்கடைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகள், சதுரமாகவும் முக்கோணமாகவும். கீழே ஒரு பழைய சாரன். இரண்டுக்கும் நடுவில் கிழிந்த சேலை ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலோடும் தையல். எங்கட வெயிலுக்குப் பஞ்சு வைத்த போர்வை ஒருத்தருக்கும் தேவையில்லை. இது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும், கட்டிலில் கிடக்கும், மத்தியானம் திண்ணையில் சாய்கிற ஆளுக்குக் கீழே கிடக்கும். கழுவக் கழுவ மெதுவாகும். வங்காளத்தில் இதே வேலையைக் ‘காந்தா’ என்கிறார்கள். நம்ம ‘கந்தை’க்கு உறவுச் சொல். அங்கே அது கடையில் விலை போகிறது, இங்கே ‘கந்தல்’ என்று வசவாகிப் போனது. அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த விரிப்புகளை 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டிக் காட்சி வைத்தது. மூத்தம்மாவிடம் இதைச் சொன்னோம். ‘சொவத்துல மாட்டினா ஆரு படுக்கிற?’ என்று கேட்டார்.

மூத்தாப்பாவுக்கு 77. கல்முனைப் பசாரில் நாற்பது வருடம் சேட்டும் கால்சட்டையும் தைத்தவர். மூத்தம்மா வீட்டிலிருந்து சட்டையும் அபாயாவும் தைத்தார். விரிப்புத் தைக்கத் தொடங்கியது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26ல் அந்த அலை இலங்கையிலேயே அதிகமான உயிர்களை எடுத்தது எங்கட அம்பாறை மாவட்டத்தில்தான். இவர்களுடைய வீடும் மெசினும் போய்விட்டன. பிள்ளைகள் உயிரோடு மிஞ்சினது அல்லாஹ்வின் கிருபை. தற்காலிகக் கொட்டிலில் இருக்கக்குள்ள நிவாரண உடுப்பு மூட்டை மூட்டையாக வந்ததாம். அதில் பாதி குளிர்தேசத்து உடுப்பு. தடித்த கோட்டு, கம்பளிச் சட்டை, ரெண்டு பேர் நுழைகிற கால்சட்டை. வேர்த்து ஒழுகுகிற ஊரில் அதை யார் போடுவது? மற்றவர்கள் எறிந்ததை மூத்தாப்பா பொறுக்கி வந்து இரவல் கத்தரிக்கோலால் வெட்டினார். மூத்தம்மா கையால் ஒட்டினார். சீமெந்து நிலத்தில் படுத்த பிள்ளைகளுக்கு அதுதான் முதல் விரிப்பு. அதில் ஒன்று இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கோட்டின் பட்டன் ஓட்டைகூட அப்படியே இருக்கிறது.

இதைப் போய்ப் ‘பொழுதுபோக்கு’ என்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் மூத்தாப்பாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம். நாற்பது வருடம் கத்தரி பிடித்த கை. பேச்சும் குழறியது. மாதக்கணக்காகப் பயிற்சி செய்து ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினார், கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அப்போதும் பிள்ளைகள் ‘போதும்’ என்றார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாக்குவாதப்படவில்லை. வேலையைப் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். வெட்டுவது மூத்தம்மாவின் வேலையானது. நிறம் பிரிப்பதும் துண்டுகளைப் பாயில் அடுக்கி எது எதற்குப் பக்கத்தில் என்று தீர்மானிப்பதும் மூத்தாப்பாவின் இடக்கை வேலையானது. மெசினுக்கு மோட்டர் பூட்டினார்கள். மூத்தம்மாவுக்கு முழங்கால் ஏலாது, பாதமும் மரத்துப் போனது. அதனால் மோட்டரின் மிதிக்கட்டையை மூத்தாப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து, தன் நல்ல கால், இடக்காலால் மிதிக்கிறார். துணி பிடிப்பது ஒருத்தர், மிதிப்பது இன்னொருத்தர். ‘போங்க... போங்க... மெதுவா... நிப்பாட்டுங்க!’ முதல் மாதம் முழுக்கச் சண்டையாம். ‘மனிசன் கார் ஓட்டுற மாதிரி மிதிக்காரு.’ மறுகா பழகிப் போச்சி. இப்போது மூத்தம்மா சொல்லவே தேவையில்லை, அவருடைய தோள் அசைவைப் பார்த்து இவர் காலை எடுக்கிறார்.

ஊசியில் நூல் கோர்க்க இரண்டு பேருக்கும் ஏலாது. ஒருத்தருக்குக் கண், ஒருத்தருக்குக் கை. அதற்குப் பேரன் இருக்கிறான், எட்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் போக முதல் இருபது ஊசியில் நூல் கோர்த்து ஒரு தலையணையில் வரிசையாகக் குத்திவிட்டுப் போவான். இருபது ஊசி முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. இந்த ஏற்பாட்டை எந்தத் தொண்டு நிறுவனமும் செயலமர்வு நடத்திக் கற்றுக் கொடுக்கவில்லை.

இதைத்தான் பூட்டினார்கள்.

பூட்டின பிறகு என்ன நடந்தது என்று எங்கட தோழி சொன்னதை எழுதுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை, இதால்தான் அது வந்தது என்று சொல்ல வரவில்லை. பார்த்ததைச் சொல்கிறோம். மூத்தம்மா சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்கத் தொடங்கினார். பதினொரு மணிக்குப் படுக்கை, மூன்று மணிக்குப் படுக்கை. இரவில் தூக்கமில்லை. இரவில் தூக்கமில்லாத மனிசி குசினிக்குப் போய் பிஸ்கட் பெட்டியைத் திறப்பார். அடுத்த கிளினிக்கில் சீனி ஏறிக் கிடந்தது. மூத்தாப்பாவுக்கு மிதிக்கக் கட்டையில்லை, ‘நிப்பாட்டுங்க’ என்று ஏசவும் ஆளில்லை. கதிரையில் இருந்து வாசலைப் பார்த்தார். நாளைக்குப் பத்து வசனம் பேசினவர் இரண்டாகக் குறைத்தார். பேரன் காலையில் எழும்பி வந்து வெறும் தலையணையைப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்க ஒன்றுமில்லாமல் போனது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள் வெறும் பாசத்தை மட்டும் வைத்து நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘அந்த நீலத் துண்டு எங்க இரிக்கி?’ என்று கேட்டுத்தான் கதைப்பார்கள்.

‘வயசு போன காலத்துல ஓய்வா இரிக்கணும்’ என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. காரைதீவு எங்கட பக்கத்து ஊர். அங்கே பிறந்த சுவாமி விபுலானந்தரை எங்கட பாடப் புத்தகம் எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்கிறது. யாழ் நூலுக்காகப் பதினான்கு வருடம் உழைத்தார். கடைசி வருடங்களில் உடம்பு நன்றாகக் கெட்டுப் போன நிலையில்தான் அதை முடித்தார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19ல் அவர் மறைந்துவிட்டார். ‘ஏன் அந்த மனிசனைச் சும்மா இருக்க விடவில்லை?’ என்று எவரும் கேட்டதில்லை. வருத்தத்தோடு எழுதினார் என்று பெருமையாகத்தான் சொல்கிறோம், நாங்களும் சொல்வோம். எழுதுகிறவருக்கு வருத்தத்திலும் வேலை செய்வது தவம். தைக்கிற மனிசிக்கு அது ‘பிடிவாதம்’. ஏன்? எழுத்து வேலை, தையல் ‘கைவேலை’. அறிவு படிப்பில் மட்டும் இருக்கிறது, விரலில் இல்லை என்று நினைக்கிற பழைய வியாதி. அதற்குச் சீனி வருத்தத்தைவிட வயசு கூட.

விரலில் அறிவு இருக்கிறதா என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் (டல்லாஸ்) டெனிஸ் பார்க் என்பவரின் குழு 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 60 வயது முதல் 90 வயது வரையான 221 பேர். சிலருக்கு மூன்று மாதம் டிஜிட்டல் படப்பிடிப்புப் பழக்கினார்கள், சிலருக்குத் துண்டுத்துணி விரிப்புத் தைக்கப் பழக்கினார்கள் (ஓம், இதே விரிப்புத்தான்), சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணித்தியாலம். இன்னொரு கூட்டம் கூடிக் கதைத்துச் சிரித்துப் பொழுது போக்கியது. முடிவில் புதிதாக ஒன்றைப் பழகினவர்களின் ஞாபகசக்திதான் முன்னேறியிருந்தது. நேர்மையாகச் சொன்னால், படப்பிடிப்புப் பழகினவர்களுக்குத்தான் பலன் கூட. சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வு புதிதாகப் பழகுவதைப் பற்றியது, தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பற்றியதல்ல. அறுபது வருடம் ஊசி பிடித்தவருக்கு இது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பிறகு மூத்தாப்பாவை நினைத்தோம். 71 வயதில் இடக்கைக்கு வேலை பழக்கினவர். இன்னொரு ஆளின் தோளைப் பார்த்து மிதிக்கப் பழகினவர். இதைவிடப் புதிதாக மனிசன் என்ன பழக வேண்டும்?

அடுத்தது இடம். எங்கட ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மருமகன் வந்து இருக்கிற வீடு அது. மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதையும் கொடுத்துவிட்டு, இன்னும் ஒதுங்குவார்கள். மகள் தாயின் வளவிலேயே இருப்பது பெரிய பலம்தான், கிழக்கின் பெண்களுக்கு அது கொடுத்திருக்கிற பாதுகாப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். மூத்தம்மாவின் காலில் ஊசி ஏறியதைக் கண்டுபிடித்தவளும் மகள்தானே. ஆனால் ஒரு கணக்கு யாரும் போடுவதில்லை. தையல் மெசின் ஹோலில் இருந்தது. ஹோல் மகளுடையதானது. மெசின் விறாந்தைக்குப் போனது. விறாந்தை மருமகனின் மோட்டார்சைக்கிளுக்குத் தேவைப்பட்டது. மெசின் அறைக்குள், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு பல்பு வெளிச்சத்தில். ஊசி கீழே விழுந்தால் எங்கே தெரியப் போகிறது? விபத்து மூத்தம்மாவின் வயசால் வந்தது என்று குடும்பக் குழு முடிவெடுத்தது. வெளிச்சமும் இடமும் போனதால் வந்தது என்கிறோம் நாங்கள். தான் கட்டின வீட்டில் தனக்கு ஒரு யன்னலோரம் இல்லாத மனிசியைப் பார்த்து ‘கவனமா இருந்திருக்கலாமே’ என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

கண்ணாடியும் அப்படித்தான். மூத்தம்மா போட்டிருந்தது பதினொரு வருடத்துக்கு முந்திய கண்ணாடி. ஒரு தண்டு போய் நூலால் கட்டியிருந்தார். வீட்டில் அந்தப் பதினொரு வருடத்தில் எத்தனை கைபேசி மாறியிருக்கும், நீங்களே எண்ணிக்கொள்ளுங்க. நாற்பது தாண்டின எல்லாருக்கும் கிட்டப் பார்வை குறைகிறது. அதற்கு வேண்டியது பெரிய வைத்தியமில்லை, கிட்டத்தில் பார்க்கிற சாதாரணக் கண்ணாடி. அசாமில் தேயிலை கொய்கிற, 40 வயது தாண்டின தொழிலாளருக்கு அப்படிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018ல் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்களின் கொய்தல், கிடைக்காதவர்களைவிட 21 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2024ல் பங்களாதேஷிலிருந்து இன்னொன்று. அங்கே நெசவாளரும் தையல்காரரும் தச்சரும் இருந்தார்கள். எட்டு மாதத்தில் கண்ணாடிக்காரரின் வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. அசாமிலும் பங்களாதேஷிலும் எவரும் ‘பாட்டி, நீங்க சும்மா இருங்க’ என்று ஆய்வு செய்யவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வேலை செய்ய விட்டார்கள்.

காசைப் பற்றியும் கதைப்போம், வெட்கப்படாமல். ‘நாங்க அனுப்புறோம்தானே, உம்மா தைச்சுத்தான் சாப்பிடணுமா, ஊர் என்ன சொல்லும்?’ என்று கட்டாரிலிருந்து மகன் கேட்டார். அவர் அனுப்புகிறார், உண்மை. அனுப்புகிற காசு மகளின் கையில் வருகிறது. மூத்தம்மா ஒரு கலியாண வீட்டுக்கு ஐநூறு ரூபாய் கொடுக்க வேண்டுமென்றாலும் மகளிடம் கேட்க வேண்டும். மகள் இல்லையென்று சொல்ல மாட்டார். ஆனால் கேட்க வேண்டும். மூத்தம்மாவின் ஒரு விரிப்பு மூவாயிரம் ரூபாய்க்குப் போகும், பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. மணித்தியாலக் கணக்குப் பார்த்தால் அநியாய விலை. அந்த மூவாயிரத்தில் அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில், வருமானம் குறைந்த குடும்பத்து முதியவர்களுக்கான கொடுப்பனவு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நல்லது. அது பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு. வெளிநாட்டில் மகன் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பட்டியல் எட்டிப் பார்க்காது. விவசாயிகளுக்கு 1987லும் மீனவர்களுக்கு 1990லும் ஓய்வூதியத் திட்டச் சட்டம் வந்தது. சுயதொழில் செய்கிறவர்களுக்கும் 1996 சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. இளமையில் பணம் கட்டியிருந்தால் கிடைக்கும். பசாரில் சேட்டுத் தைத்தவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, கட்டச் சொல்ல ஆளும் இல்லை. பெற்றவர்களைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இந்த வீட்டில் யாரும் புறக்கணிக்கவில்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுதவே இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. கைவிட்டவனை ஏசலாம். பாசத்தால் கையைக் கட்டிப் போட்டவனை எப்படி ஏசுவது?

இனி எங்களை. போன வருடத்துக்கு முந்தின வருடம் நாங்கள் இவர்களை வைத்து ஒரு ரீல் எடுத்தோம். ‘முதுமையிலும் தளராத தம்பதி.’ பின்னணியில் வயலின். மூத்தாப்பா மிதிப்பதை மூன்று கோணத்தில் எடுத்தோம். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று மத்தியானச் சாப்பாட்டைப் பிந்தவைத்தோம். சீனிக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நிறைய ‘மாஷா அல்லாஹ்’ வந்தது, நிறைய இதயம் வந்தது. விரிப்பு வாங்கினவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தர் ‘பாட்டி ஆசைக்குத் தைக்கிறதுதானே’ என்று விலை குறைத்தார். தளராத தம்பதியாம்! அவர்கள் ஒவ்வொரு நாளும் தளர்கிறவர்கள். தளர்ந்த இடத்தில் வேறு கையை வைக்கிறார்கள், வேறு காலை வைக்கிறார்கள், பேரனை வைக்கிறார்கள். அந்தப் பகுதி எங்கட ரீலில் இல்லை. ‘சும்மா இரிங்க’ என்கிற மகனும் ‘தளராதவர்கள்’ என்கிற நாங்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். இரண்டு பேருக்கும் வருத்தக்காரர் ஒருத்தர் வேலை செய்கிற வீட்டுக்குள் என்ன தேவை என்று பார்க்கப் பொறுமையில்லை.

மெசின் மூன்று மாதம் உள்ளே கிடந்தது. அதை வெளியே எடுத்தது எங்கட புரட்சி இல்லை. மூத்தாப்பாதான் எடுத்தார், மருமகனோடு நாலைந்து வசனம் மட்டும் கதைத்து. குழறின பேச்சில் அவர் சொன்னதை எங்கட தோழி குறித்து வைத்திருக்கிறாள். ‘ஊசிதான் குற்றம். மெசின் இல்ல. ஊசிய நான் பாக்கிறன்.’

அவர் செய்தது இது. பழுதாகிப் போன ரேடியோ ஒன்றைக் கழற்றி ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்தார். அதை ஒரு தும்புத்தடிக் கம்பில் கட்டினார். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு, இடக்கையால் அறை முழுக்க அந்தக் கம்பை இழுப்பார், கட்டிலுக்குக் கீழேயும். பிறகு தலையணையில் ஊசியை எண்ணுவார். இருபது வர வேண்டும். வராவிட்டால் வந்த பிறகுதான் மற்ற வேலை. கிளினிக்கில் வைத்தியரிடம் தோழி நேரடியாகவே கேட்டாள், தைக்கலாமா என்று. தைக்கலாம், வெறுங்காலோடு நடக்கத்தான் கூடாது, வீட்டுக்குள்ளேயும் செருப்பு, ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். மூன்று மாதமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிங்க. எங்கட வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் செருப்புப் போட மூத்தம்மாவுக்குப் பெரிய கூச்சம். வெளியே போடாத, உள்ளுக்கு மட்டும் என்று புதிதாக ஒரு சோடி வாங்கிய பிறகுதான் போட்டார். பாதத்தின் அடியைத் தானே பார்க்க அவரால் குனிய முடியாது. மூத்தாப்பா டோர்ச் அடித்துப் பார்க்கிறார். ‘கல்யாணம் முடிச்சி இத்தன வருசத்துல இப்பதான் காலப் பாக்காரு’ என்று மூத்தம்மா எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

கண்ணாடி மாற்றியாயிற்று. அதற்குக் காசு கொடுத்தது கட்டார் மகன், சொன்னவுடன் அனுப்பினார். யன்னலோரம் இன்னும் கிடைக்கவில்லை. மோட்டார்சைக்கிள் விறாந்தையில்தான் நிற்கிறது. அதைப் பற்றி மருமகனோடு கதைக்க வேண்டும், எங்களில் யார் கதைப்பது என்று இன்னும் சீட்டுப் போடவில்லை. சின்னச் சதுரங்களை விட்டுவிட்டு மூத்தம்மா இப்போது உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு வெட்டுகிறார். மூட்டுக் குறைவு, கண்ணுக்கு நல்லது. பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர் ‘முன்னப் போல நுணுக்கமில்ல’ என்றாராம். ‘நானும் முன்னப் போல இல்ல’ என்று பதில் சொல்லிவிட்டு விலையைக் குறைக்காமலே விற்றார். நாங்கள் போட்டிருக்கிற ரீலுக்குக் கீழே விலையையும் எழுதிவிட்டோம். பேரம் பேச வேண்டாம் என்றும்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் அங்கே போகக்குள்ள மூத்தாப்பா எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது. திரும்ப எண்ணினார். பத்தொன்பது. கம்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே இழுத்தார், மெசினைச் சுற்றி இழுத்தார். ஒரு பட்டனும் இரண்டு குண்டூசியும் வந்தன. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நின்றோம், அசையாமல். மூத்தம்மாவும் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மஃரிப் பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருந்தது. பேரன்தான் கண்டுபிடித்தான். மூத்தம்மாவின் முந்தானையில் குத்தியிருந்தது, நூலோடு.

‘நான் அங்கதான் வச்ச’ என்றார் மூத்தம்மா.

மூத்தாப்பா ஒன்றும் சொல்லவில்லை. இருபதாவதைத் தலையணையில் குத்திவிட்டு ஒழும்பினார்.